அமெரிக்க வரலாற்றுக்குத் துணை வாசிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க வரலாற்றுத் தாளை முதன்முறையாக நடத்த வரும் ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எடுத்துத் தரும் நகல்களைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் திரும்பவும் வருகின்றன. பக்கங்களை அள்ளிக் கொடுப்பது போன்றவை ஓராண்டில் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூல ஆவணத்தை நடுவில் வெட்டுவது

உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஜனவரி 1 அன்று குடியரசுத் தலைவர் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்திலிருந்து, அடிமைகள் என்றென்றைக்கும் சுதந்திரமானவர்கள் என்னும் பத்தியை மட்டும் தந்துவிட்டு, அடுத்து வரும், ஆணை பொருந்தும் மாநிலங்களின் பட்டியலைச் சலிப்பூட்டும் என்று நீக்கிவிடுகிறார்கள். பாடமே அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் பெயர் சொல்லி விலக்கப்படுகின்றன. வர்ஜீனியாவில் நார்ஃபோக்கும், மேற்கு வர்ஜீனியாவாகப் பிரிந்துகொண்டிருந்த 48 கவுண்டிகளும் (மாவட்டங்களும்) விலக்கப்படுகின்றன. டென்னசியின் பெயரே இல்லை. ஒன்றியத்தை விட்டு விலகாத டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி மாநிலங்களின் அடிமைகளுக்கு இந்த ஆணை பொருந்தவில்லை. படைத் தலைமைத் தளபதி என்ற போர்க்கால அதிகாரத்தைக் கொண்டு, கிளர்ச்சியில் இருந்த பகுதிகளுக்கு மட்டுமே லிங்கன் இதைப் பிறப்பித்தார் என்பது முழு ஆவணத்தைப் படித்தால்தான் விளங்கும்.

நான் பின்வரிசையில் அமர்ந்து கவனித்த ஒரு வகுப்பில் மாணவி ஒருவர் எழுந்து, “1863-லேயே எல்லாருக்கும் விடுதலை கிடைத்துவிட்டதென்றால் 1865-இல் அடிமைமுறையை ஒழிக்க அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் எதற்கு, சார்?” என்று கேட்டார். ஆசிரியர் திகைத்து நின்றார். அதற்கான விடை அவர் வெட்டி எறிந்த பத்தியில் இருந்தது. அவ்வளவு நல்ல கேள்வி வீணாய்ப் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. இரண்டு மூன்று பக்கங்களுக்குள் அடங்கும் ஆவணம் அது. முழுமையாகக் கொடுங்கள், கூடவே ஒரு வெற்று வரைபடத்தையும் கொடுத்து, விலக்கப்பட்ட இடங்களுக்கு மாணவர்களையே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்.

ஒரு தரப்பை மட்டும் தருவது

1830-ஆம் ஆண்டின் பழங்குடியினர் வெளியேற்றச் சட்டத்துக்கு, குடியரசுத் தலைவர் ஜாக்சன் நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பிய செய்தி மட்டும் போதாது. வெளியேற்றத்துக்கு ஆளான செரோக்கி பழங்குடி மக்கள் அனுப்பிய மனுக்களும், 1828 முதல் அவர்கள் இரு மொழிகளில் நடத்திய ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ இதழின் பக்கங்களும் கிடைக்கின்றன.

ஆண்டைக் குறிப்பிடாமல் விடுவது

அடிமை வாழ்விலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் தம் வாழ்க்கையை 1845, 1855, 1881 என மூன்று நூல்களாக எழுதினார். பிறருக்குத் தீங்கு நேரக் கூடாதென்று முதல் நூலில் மறைத்த தப்பிய வழியை, அடிமைமுறை ஒழிந்த பிறகு வந்த மூன்றாம் நூலில் விரிவாகச் சொன்னார். எந்த நூலின் பகுதி என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

விளக்கவுரையை முன்னால் வைப்பது

வேண்டாம். மூலத்தைப் படித்து முடித்த பிறகு கொடுங்கள்.