அறுந்து அறுந்து வரும் இணைப்பில் கிட் மிரர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கிட் ரெப்போவை (நிரலும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்த களஞ்சியம்) முழு நகலாக, அதாவது மிரராக, எடுக்கக் குளோன் கட்டளை கொடுத்திருப்போம். ‘ரிசீவிங் ஆப்ஜெக்ட்ஸ்’ 87 சதவீதத்தில் வந்து நிற்கும். கொஞ்ச நேரம் அசைவே இருக்காது. அப்புறம் ‘எர்லி ஈஓஎஃப்’, ‘இண்டெக்ஸ்-பேக் ஃபெயில்டு’ என்று இரண்டு வரி. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று போய்ப் பார்த்தால் ஃபோல்டரையே காணோம். குளோன் பாதியில் முறிந்தால், அதுவரை வந்ததை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் கிட் வெளியேறும்.

உடனே கை தானாக மேல் அம்புக்குறிக்குப் போகும். அதே கட்டளை மறுபடி ஓடும். சிலர் அதை ஒரு லூப்பில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். கிட் குளோனுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது என்பதுதான் சிக்கல். நாம் கேட்கும்போதுதான் சர்வர் பேக் ஃபைலை (தரவை எல்லாம் சுருக்கிய ஒரே கட்டு) கட்டி அனுப்புகிறது. அடுத்த முறை கட்டுவது பைட்டுக்குப் பைட் அதேபோல் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆகவே ‘முதல் 2 ஜிபி என்னிடம் இருக்கிறது, மீதியைக் கொடு’ என்று கேட்க வழியில்லை. முழுதாக இறங்க ஒரு மணி நேரம் வேண்டும், இணைப்போ அரை மணி நேரம்தான் தாங்கும் என்றால், நூறு முறை ஓட்டினாலும் கையில் ஒன்றும் நிற்காது.

ஆனால் முழுதாக முடிந்த ஃபெட்ச் (இருக்கும் ரெப்போவுக்கு, அதில் இல்லாததை மட்டும் இறக்குவது) எங்கேயும் போகாது. அதனால் ஒரே பெரிய குளோனைச் சின்னச் சின்ன ஃபெட்ச்களாக உடைக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலையே எடுத்துக்கொள்வோம். லினஸின் கிட் வரலாறு 2005 ஏப்ரலில், 2.6.12-ஆர்சி2 பதிப்பிலிருந்து தொடங்குகிறது. வொர்க்கிங் ட்ரீ (ஃபைல்களை விரித்து வைக்கும் இடம்) இல்லாத ஒரு காலி ரெப்போவை உருவாக்கி, ரிமோட்டை (மூல சர்வரின் முகவரி) மிரராகச் சேருங்கள். முதலில் வி2.6.30 டேகை (ஒரு பதிப்புக்கு இட்ட பெயர்) மட்டும் ஃபெட்ச் செய்யுங்கள். அது முடிந்ததும் வி3.0, பிறகு வி4.0, வி5.0. ஒவ்வொரு முறையும் ‘என்னிடம் இதுவரை இருக்கிறது’ என்று நம் கிட் சொல்லும். சர்வர் இடைப்பட்டதை மட்டும் அனுப்பும். நடுவில் அறுந்தாலும் அந்த ஒரு படிதான் நஷ்டம். ஒரு படி பெரிதாகத் தெரிந்தால் இடையில் இன்னொரு டேகைச் செருகிக்கொள்ளலாம். கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஃபெட்ச்.

டெப்த் 1-இல், அதாவது கடைசிக் கமிட் (பதிவான மாற்றம்) ஒன்றோடு மட்டும், தொடங்கி ஆழப்படுத்திக்கொண்டே போகும் வழியைப் பலர் சொல்வார்கள். வேலை செய்யும் பிரதிக்கு அது நல்லதுதான். மிரருக்கு நான் அதைத் தொடமாட்டேன். கடைசிப் படியை மறந்துவிட்டால் பாதி வரலாறுள்ள ஒன்றை முழு மிரர் என்று நம்பிக்கொண்டிருப்போம். பிளாப்களை (ஃபைல்களின் உள்ளடக்கம்) வடிகட்டும் பார்ஷியல் குளோனும் இப்படித்தான். சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் மூல சர்வர் விழுந்த அன்று உள்ளே ஃபைல்கள் இருக்காது.

நல்ல இணைப்புள்ள இன்னொரு கணினி கைவசம் இருந்தால் வேலை இன்னும் எளிது. அங்கே மிரர் எடுத்து, கிட் பண்டிலாகக் கட்டுங்கள். பண்டில் சாதாரண ஃபைல் என்பதால் ஆர்சிங்க், டபிள்யூகெட் போன்ற ஃபைல் நகலெடுக்கும் கருவிகள் எதிலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வந்து சேர்ந்ததும் பண்டில் வெரிஃபை ஓட்டி, அதிலிருந்து குளோன் செய்து, ரிமோட் முகவரியை மாற்றிவிட்டால் போதும்.

ஆர்சிங்க் என்றதும், மிரருக்கான ரெப்போ ஃபோல்டரையே அதில் இழுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அகர வரிசைப்படி ஆப்ஜெக்ட்ஸ் ஃபோல்டர் முதலில் நகலாகும், ரெஃப்ஸ் (பிராஞ்ச், டேக் பெயர்கள்) பிறகு. இடையில் அங்கே யாராவது புஷ் செய்தால், நம்மிடம் வந்த பிராஞ்ச் இல்லாத கமிட்டைச் சுட்டிக்கொண்டிருக்கும். மெதுவான இணைப்பில் அந்த இடைவெளி மணிக்கணக்கில் நீளும். ஆர்சிங்கோ வெற்றி என்றுதான் சொல்லும். கிட் எஃப்எஸ்சிகே என்ற சோதனைக் கட்டளையை ஓட்டினால்தான் ஓட்டை தெரியும்.

குளோன் தோற்றால் ‘போஸ்ட் பஃபரை 500 எம்பி ஆக்கு’ என்று வரும் அறிவுரையை ஒதுக்கிவிடுங்கள். அது நாம் அனுப்பும் தரவுக்கான அமைப்பு. புஷ் சிக்கல்களுக்கே பெரும்பாலும் பலன் தராது என்று கிட் ஆவணமே சொல்கிறது. எச்டிடிபியில் உண்மையில் உதவுவது லோ ஸ்பீட் லிமிட், லோ ஸ்பீட் டைம் இரண்டும்தான். வினாடிக்கு 1000 பைட்டுக்குக் கீழே 60 வினாடி போனால் துண்டித்துவிடு என்று வைத்தால், செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் தொங்காது. 10 வினாடி என்று வைத்துவிடாதீர்கள். பெரிய ரெப்போவில் சர்வர் பேக் கட்டத் தொடங்கும்போது சற்று நேரம் ஏறக்குறைய ஒன்றுமே வராது. எஸ்எஸ்எச் வழி இணைப்பு என்றால், இதே வேலைக்குச் சர்வர் அலைவ் இன்டர்வல் என்ற அமைப்பு.

இழப்பு அதிகம் நடப்பது அழிக்கும் பக்கத்தில். 2013 மார்ச்சில் கேடிஈ என்ற திறமூல டெஸ்க்டாப் திட்டத்தின் கிட் சர்வரில் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போனது. மிரர்கள் விசுவாசமாக அந்தக் கேட்டையும் பின்தொடர்ந்தன; ரெப்போ பட்டியலே பழுதானதால், இருந்த ரெப்போக்களையும் அழித்துவிட்டன. சுமார் 1500 ரெப்போக்கள். ஒரு சர்வரில் தப்பியிருந்த நல்ல நகல்தான் காப்பாற்றியது.

மோசமான இணைப்பில் இதே விபத்து இன்னும் சுலபமாக நடக்கும். சர்வரின் ஏபிஐ (ஸ்கிரிப்ட்கள் தகவல் கேட்கும் வழி) தரும் ரெப்போ பட்டியல் பக்கம் பக்கமாக வரும். மூன்றாவது பக்கம் வராமல் போனால், அதிலுள்ள ரெப்போக்கள் எல்லாம் நீக்கப்பட்டவை என்று ஸ்கிரிப்ட் முடிவு கட்டிவிடும். ஆகவே தானாக அழிக்க விடாதீர்கள். வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்தி 30 நாள் வையுங்கள். புஷ் மிரரும் (நம் நகலை இன்னொரு சர்வருக்கு அனுப்புவது) அப்படித்தான், நம்மிடம் இல்லாத பிராஞ்சை மறுபக்கத்திலும் அழித்துவிடும். முந்தைய ஃபெட்ச் முழுதாக வெற்றி பெற்றால் மட்டுமே அது ஓடும்படி எழுதுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். முந்தைய கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) முடியாமல் அடுத்தது தொடங்காதபடி ஒரு ஃப்ளாக் (flock) பூட்டு போடுங்கள். நடுவில் கொல்லப்பட்ட ஃபெட்ச்கள் பேக் ஃபோல்டரில் ‘டிஎம்பி பேக்’ என்ற பெயரில் மிச்சங்களை விட்டுவைத்து டிஸ்க்கை நிரப்பும், அதையும் அவ்வப்போது பாருங்கள். எல்எஃப்எஸ் ஃபைல்கள் (ரெப்போவுக்கு வெளியே தனியாக வைக்கப்படும் பெரிய ஃபைல்கள்) மிரரோடு வராது, தனியாக எல்லாவற்றையும் ஃபெட்ச் செய்ய வேண்டும். பழைய கிட் பதிப்புகளில், மூலத்தில் மாஸ்டர் பிராஞ்ச் மெயின் ஆகப் பெயர் மாறினால், நம் மிரரின் ஹெட் (இயல்பான பிராஞ்ச் எது என்று காட்டும் குறி) இன்னும் மாஸ்டரையே காட்டிக்கொண்டிருக்கும். ப்ரூன் (மூலத்தில் இல்லாத பிராஞ்சுகளை நீக்குவது) போட்டிருந்தால் அந்த மாஸ்டரும் இருக்காது. அந்த மிரரிலிருந்து குளோன் செய்பவருக்கு ஒரு ஃபைலும் செக்அவுட் ஆகாது. அங்கே ஹெட்டைக் கையால்தான் மாற்ற வேண்டும்.