புறாத்தீவுக்குப் போகுமுன் கடலைப் பார்ப்பது எப்படி?

திருகோணமலை மாவட்டத்து நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஏறத்தாழ 1 கிலோமீட்டர். கிட்டத்தானே என்று பலர் வானிலை பாராமலே போட்டில் ஏறிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய எதிர்வுகூறல். நம் கரைக்கு எச்சரிக்கை இருந்தால் அதோடு நிறுத்துங்கள், அன்று பயணம் வேண்டாம்.

எச்சரிக்கை இல்லையா? சரி, காற்றையும் அலையையும் வரைபடத்தில் காட்டும் விண்டி (Windy) செயலியைத் திறந்து, நிலாவெளிக்கு நேரே கடலில் விரலை வையுங்கள். தரையில் வைத்தால் அலை உயரம் வராது. காற்று நொட்டில் இருந்தால் அளவுப் பட்டையைத் தொட்டுக் கிலோமீட்டருக்கு மாற்றுங்கள். 1 நொட் மணிக்கு 1.85 கிலோமீட்டர். செயலியில் தெரிவுசெய்யக்கூடிய வானிலைக் கணிப்பு மாதிரிகளில் எனக்கு நம்பிக்கை ஐரோப்பிய மாதிரியான ஈசிஎம்டபிள்யூஎஃப் (ECMWF) மேல்தான். அமெரிக்க மாதிரியான ஜிஎஃப்எஸ் (GFS) அதற்கு முற்றிலும் மாறாகக் காட்டினால் அன்று போகவே மாட்டேன்.

இனி, எல்லாரும் தடுமாறும் இடம்: திசை. மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது, நம்மவர் சொல்லும் கச்சான். படத்தில் ஓடும் கோடுகளோ காற்று போகும் பக்கத்தைக் காட்டும். இது பிடிபடாவிட்டால் மற்றதெல்லாம் தலைகீழாகிவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரத்தில் அலை வளர இடமில்லாததால் கடல் குளம்போலக் கிடக்கும். அலை உயரத்தை மட்டும் பார்த்தால் நல்ல நாள் என்றே தோன்றும். ஆனால் இயந்திரம் நின்ற போட்டையும், நீருக்கடியில் பார்க்க முகமூடி போட்டு மிதப்பவரையும் அதே காற்றுத்தான் வெளியே தள்ளும். கிழக்கே வங்காள விரிகுடா, ஒதுங்க இடமில்லை. ஆகவே இந்தக் காலத்தில் காற்றின் வேகத்தையும் திடீர் வீச்சையும் மணிவாரியாகப் பாருங்கள். திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை, அதாவது வடகிழக்குக் காற்று. அலை நேரே கரைக்கு வரும். போட்டை இறக்குவதே பெரும்பாடு. அப்போது போகச் சொல்லி யாருக்கும் நான் சொல்வதில்லை.

பின்சேர்க்கை: செயலியில் அலை உயரம் 1 மீட்டர் என்று போட்டிருந்தது, அதைவிடப் பெரிய அலை அடித்ததே என்று ஒருவர் கேட்டிருந்தார். செயலி காட்டுவது உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. இடையிடையே அதன் இரு மடங்கு வரைக்கும் ஓர் அலை எழலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த 2 மீட்டரை நினைத்தே முடிவு செய்யுங்கள்.