பழைய கண்ணாடிச் சீசாக்களை உருட்டி மெருகேற்றும் முறை: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடந்த கண்ணாடிச் சீசாவை எத்தனை முறை கழுவினாலும், காய்ந்த சிறிது நேரத்தில் அதன்மேல் ஒரு வெண்மங்கல் மீண்டும் படர்ந்து நிற்பதைப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் நன்கு அறிவார்கள். அது அழுக்கு அன்று. மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உருக்கிச் செய்யப்படுவது கண்ணாடி. ஈரமண்ணில் கிடக்கும்போது அதன் மேற்பரப்பிலுள்ள சோடியம் சிறிது சிறிதாக நீரில் கரைந்து வெளியேறிவிட, எஞ்சிய சிலிக்கா மிக மெல்லிய ஏடுகளாக நின்றுவிடுகிறது. சில சீசாக்களில் தெரியும் வானவில் நிறமும் அந்த ஏடுகளில் பட்டுத் திரும்பும் ஒளியால் வருவதே. சோப்பும் வினிகரும் போன சோடியத்தைத் திரும்பக் கொண்டுவரா. ஆகவே கெட்டுப்போன மேலேட்டை நுண்ணிய அளவில் தேய்த்து எடுப்பது ஒன்றே வழி. செப்புக் கம்பித் துண்டுகளையும் மெருகுத் தூளையும் நீரையும் சீசாவோடு ஓர் உருளைக்குள் அடைத்து, நாள் கணக்கில் மெதுவாகச் சுழலவிட்டு அதைச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் பெரிய மர டிரம்கள் சுழல்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்: அங்கே டிரம்முக்குள் தோல் புரள்கிறது; இங்கே சீசா புரளவே கூடாது. சீசா உருளையோடு இறுகப் பிணைக்கப்பட்டு அதனுடன் சேர்ந்தே சுற்ற, செம்புத் துண்டுகள் மட்டுமே அதன்மேல் சரிந்து சரிந்து விழ வேண்டும்.

சீசாவைத் தேர்ந்தெடுத்தல்

நம் வேலூர் வட்டாரத்தில் பழைய சீசாக்களுக்குப் பஞ்சமில்லை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்கிறது. பட்டாளமும் நெடுங்காலம் இங்கே இருந்தது. இப்படிப்பட்ட வட்டாரத்தின் காயலான் கடைகளில் மருந்துச் சீசா, மைக்கூடு, சோடா பாட்டில் என்று ஏதேனும் ஒன்று அவ்வப்போது கண்ணில் படுவது இயல்புதான். வாங்குவது நல்லது, தோண்டுவது வேறு சங்கதி. வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே மண்ணைக் கிளறக் கூடாது. பிற இடங்களிலும், மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது.

எந்தச் சீசா இயந்திரத்துக்குப் போகலாம் என்பதை முடிவு செய்வதே இந்த வேலையின் பாதி என்பது என் கருத்து. முதலில் சீசாவை நீரில் நனைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நனைந்திருக்கும்போது மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால், கேடு மேலோட்டமானது. உருட்டினால் நல்ல பலன் கிடைக்கும். நனைந்த பிறகும் கறை அப்படியே தெரிந்தால் அரிப்பு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பொருள். அதைப் போக்கக் கண்ணாடியை நிறையத் தேய்க்க வேண்டியிருக்கும், அப்படித் தேய்த்தால் புடைப்பு எழுத்துகளின் கூர்மை மழுங்கிவிடும். அடுத்து, நகத்தை மேற்பரப்பில் மெல்ல ஓட்டுங்கள். நகம் சிக்கும் குழிகளை மெருகு நிரப்பாது. மூன்றாவதாக, கழுத்தின் அடியையும் அடிப்பாகத்தின் விளிம்பையும் டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அந்தச் சீசாவைக் கழுவி அலமாரியில் வைத்துவிடுங்கள். பல கிலோ செம்பின் எடையை அது தாங்காது. பெயின்ட்டில் அச்சடித்த பெயரோ காகித லேபிளோ உள்ள சீசாவையும் உருட்டக் கூடாது, ஏனெனில் அழுக்கோடு பெயரும் போய்விடும்.

கோலி சோடா பாட்டிலைத்தான் பலரும் முதலில் கையில் எடுக்கிறார்கள். இங்கிலாந்தின் ஹைரம் காட் 1870களில் காப்புரிமை பெற்ற அந்த வடிவம் பார்க்க அழகானது. பழகாத கைக்கு மிகவும் சிரமம் தருவதும் அதுவே. கழுத்துக்குள் இருக்கும் பழைய ரப்பர் வளையத்தை முழுவதும் நீக்காவிட்டால் அது பிசுபிசுத்துத் தூளைக் கெடுக்கும். கழுத்து இடுக்கில் போட்ட செம்பை வெளியே எடுப்பதும் பெரும்பாடு. நேரான உடலும் அகன்ற வாயும் கொண்ட, விலை மதிப்பில்லாத மருந்துச் சீசா ஒன்றில் தொடங்குங்கள்.

முன்கழுவல்

பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த நீரில் ஓரிரவு ஊறவைத்து, புட்டி பிரஷ்ஷால் உட்புறத்தைத் தேய்க்கவும். வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு இருந்தால் வினிகரில் ஊறவைத்தால் கரையும். குளிர்ந்த சீசாவில் வெந்நீர் ஊற்றக் கூடாது. மருந்து மிச்சம் உலர்ந்து ஒட்டியிருந்தால் கையுறை அணிந்து திறந்தவெளியில் வைத்துக் கழுவ வேண்டும். முகர்ந்து பார்க்க வேண்டாம். மூடி திறக்காமல் உள்ளே திரவத்தோடு கிடைத்த மருந்துச் சீசாவைத் திறக்காமலே வைத்திருப்பது உத்தமம். கழுவியதோடு திருப்தியாகத் தெரியும் சீசாக்கள் நிறைய உண்டு. அவற்றுக்கு இயந்திரம் தேவையில்லை.

இயந்திரமும் உருளையும்

இணையாக அமைந்த இரண்டு இரும்பு ஷாஃப்ட்கள், அவற்றின்மேல் இறுக்கமாக ஏற்றிய ரப்பர் குழாய், ஒன்றைச் சுற்றவைக்கும் கியர் மோட்டார், இவ்வளவுதான் இயந்திரம். காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ உள்ள எந்த லேத் பட்டறையிலும் சட்டத்தைப் பற்றவைத்து பேரிங் பொருத்தித் தருவார்கள். உருளைக்கு நாம் 4 இஞ்ச் பைப் என்று சொல்லும் 110 மி.மீ. பி.வி.சி. குழாய் போதும்; சீசாவைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 2 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்பதே அளவு. குழாயின் ஒரு முனையை எண்ட் கேப்பால் நிரந்தரமாக ஒட்டி, மறுமுனைக்கு ரப்பர் வாஷர் வைத்த திருகு மூடி போடுங்கள்.

ஒட்டிய மூடியின் உட்புறத்தில், ரப்பர் குழாய் மாட்டிய போல்ட்டுகளை வட்டமாக நிறுத்தி, அவற்றுக்கிடையே சீசாவின் அடிப்பாகம் இறுக்கமாக அமரும்படி செய்ய வேண்டும். திருகு மூடியின் நடுவில் ஒரு போல்ட், அதன் நுனியில் ரப்பர் கார்க். வெளியிலிருந்து திருகும்போது அந்தக் கார்க் சீசாவின் வாயை அடைத்து, அதை நடுமையத்தில் பிடித்து நிறுத்தும். கையால் திருகும் இறுக்கம் போதுமானது. ஸ்பேனரை வைத்து இறுக்கினால் கழுத்து தெறித்துவிடும்.

வேகத்தில் அவசரம் கூடாது. உருளை நிமிடத்துக்கு 20 முதல் 40 சுற்று சுற்றினால் சரி. 30 மி.மீ. பருமனுள்ள ஷாஃப்ட் நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றினால், அதன்மேல் அமர்ந்த 110 மி.மீ. உருளை ஏறக்குறைய 27 சுற்று சுற்றும் என்று கணக்கிட்டு மோட்டாரைத் தேர்ந்தெடுக்கலாம். இந்தப் பருமனுள்ள உருளையில் வேகம் 130 சுற்றுகளை எட்டினால் செம்பு சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றுமே தவிர, சீசாவின்மேல் விழாது, மெருகும் ஏறாது.

செம்பும் தூளும்

கண்ணாடியைவிட மென்மையானது என்பதால்தான் செம்பைப் பயன்படுத்துகிறோம். அது தானாகக் கீறாது. மெருகுத் தூளைத் தாங்கிச் சென்று தேய்க்க மட்டும் செய்யும். ஏறக்குறைய 2 மி.மீ. பருமனுள்ள பூச்சில்லாத செப்புக் கம்பியை 3 முதல் 5 மி.மீ. நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கம்பியில் எனாமல் பூச்சு இருக்கும், அது உதவாது. இரும்பு கீறும், துருப்பிடிக்கும். அலுமினியம் கண்ணாடியில் சாம்பல் நிறக் கோடுகளை விட்டுச்செல்லும். ஓர் அடி நீள உருளைக்கு ஏறக்குறைய 5 கிலோ செம்பு வேண்டும். செலவில் பெரும்பகுதி இதுதான், ஆனால் ஒரு முறை வாங்கினால் பல ஆண்டுகளுக்கு வரும்.

தூள் இரண்டு வகைப்படும். கார்பரண்டம் எனப்படும் சிலிக்கான் கார்பைடு வெட்டும் தூள். அலுமினியம் ஆக்சைடும் சீரியம் ஆக்சைடும் மெருகுத் தூள்கள். பலர் வெட்டும் தூளில் தொடங்கச் சொல்வார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை. மேலோட்டமான மங்கலுக்கு நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு மட்டுமே போதும். அது போதவில்லை என்று கண்ணால் கண்ட பிறகே 1000க்கு மேற்பட்ட எண்ணுள்ள, அதாவது மிக நுண்ணிய, கார்பரண்டத்துக்குப் போக வேண்டும். தேய்ந்துபோன கண்ணாடியைத் திரும்ப ஒட்ட முடியாது. உலர்ந்த தூளைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம்.

நிரப்பிச் சுழற்றுதல்

சீசாவுக்குள் மூன்றில் ஒரு பங்கு செம்பும், ஒரு மேசைக்கரண்டி தூளும், செம்பு மூழ்கும் அளவுக்கு நீரும் இடுங்கள். பிறகு சீசாவை உருளையின் அடியில் உள்ள பிடிகளில் நிறுத்தி, சுற்றிலும் பாதி உயரம் வரை செம்பு நிரப்பி, இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி தூளும், செம்பு நனைந்து சற்று மேலே நிற்கும் அளவுக்கு நீரும், பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டும் சேருங்கள். போர் தண்ணீரின் உப்பு கண்ணாடியில் புதிய வெள்ளைப் படிவை உண்டாக்கும் என்பதால் ஆர்.ஓ. நீரையோ மழைநீரையோ பயன்படுத்துவது நல்லது. மூடியைத் திருகி, உருளையைக் கிடத்தி, கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு மோட்டாரை ஓடவிடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஈர மணல் சரிவதுபோன்ற இடைவிடாத "சரசர" ஓசை வந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நடுநடுவே "டக், டக்" என்று தனியாக ஓர் ஒலி கேட்டால் சீசா பிடியிலிருந்து நழுவிவிட்டது, உடனே நிறுத்துங்கள். கத்திரி வெயிலில் வேலூர் மொட்டை மாடியில் இதை வைத்தால் மோட்டார் சூடாகிப் பழுதாகும், பி.வி.சி. இளகும். காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மின்தடையால் சில மணி நேரம் நின்றுபோனால் தவறில்லை. நாள் கணக்கில் நிறுத்தியே வைத்தால் செம்பு களிம்பேறிக் கண்ணாடியில் கறை படியும்.

ஒரு நாள் கழிந்ததும் திறந்து, சீசாவை நல்ல நீரில் அலசி, முழுவதும் காயவைத்துப் பாருங்கள். ஈரத்தில் எல்லாச் சீசாவும் பளபளக்கும், ஆகவே காயாமல் முடிவுக்கு வர வேண்டாம். பொதுவாக மூன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். ஒவ்வொரு நாளும் ஒரே புடைப்பு எழுத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். ஓரம் மழுங்கத் தொடங்கியதாகத் தோன்றினால் மங்கல் சற்று மிச்சமிருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். கார்பரண்டம் இட்டு ஓட்டியிருந்தால், மெருகுத் தூளுக்கு மாறும் முன் சீசா, செம்பு, உருளை, கார்க் என எல்லாவற்றையும் துகள்கூட எஞ்சாதபடி கழுவ வேண்டும். முடிந்தால் இரண்டு தூளுக்கும் தனித்தனி செம்பும் உருளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவும் செம்பும்

உருளையிலிருந்து வரும் கருஞ்சாம்பல் நிறக் குழம்பில் செம்பும் கண்ணாடித் துகளும் கலந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். பாலாறு தோல் கழிவால் பட்ட பாடு நமக்குத் தெரியும்; வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதனால்தான். குழம்பை ஒரு பக்கெட்டில் ஓரிரு நாள் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை வடித்து அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொண்டு, அடியில் தங்கிய வண்டலைக் காயவைத்துப் பையில் கட்டித் தனியே ஒதுக்குங்கள்.

களிம்பேறிய செம்பைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, புளிப்பு முற்றிலும் நீங்கும் வரை அலசி, உலர்த்தி டப்பாவில் அடைத்து வையுங்கள். மெருகேற்றிய சீசாவை விற்றாலோ மற்றொரு சேகரிப்பாளருக்குக் கொடுத்தாலோ, அது உருட்டப்பட்டது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உடன் கொடுங்கள். தொடாத மேற்பரப்பை விரும்புவோரும் இருக்கிறார்கள், விலையும் அதைப் பொறுத்தே அமைகிறது.