நண்பன் கையில் வேலை செய்த கையுறை

போன மாதம் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்டுகளைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்று குழுக்களில் இரண்டு, பக்கவாதம் வந்தவர்களின் விரல்களை மடக்கி விரித்துப் பயிற்சி தரும் மோட்டார் கையுறை செய்திருந்தன. இரண்டையும் மாட்டிக் காட்டியது கூடப் படிக்கும் பையன்கள்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 11 வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் காட்டினேன்.

இப்படிப்பட்ட கருவி செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகளைச் சொல்கிறேன். சென்சாரைத் தலைகீழாக ஒட்டுவது, டெமோ அன்று பேட்டரி தீர்ந்துபோவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டால் போதும்.

நல்ல கையில் மட்டும் சோதிப்பது

என் கையுறை விடுதி நண்பன் கையில் பத்து நொடியில் ஏறியது. நொடிக்கு ஒரு முறை விரல்களை மடக்கி விரித்தது. கைதட்டல், நல்ல மதிப்பெண். அப்புறம் மூன்று மாதம் அலைந்து, நோயாளிகளிடம் சோதிக்க அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கி ஒரு மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே இருந்த ஐயாவின் வலது கை முஷ்டியாக மூடியிருந்தது. மணிக்கட்டு வளைந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைந்திருந்தது. அதில் ஐந்து விரல் கையுறையை எங்கே நுழைப்பது? நான் இழுக்க இழுக்க முஷ்டி இன்னும் இறுகியது. பிசியோதெரபிஸ்ட் அக்கா என்னை விலக்கிவிட்டு, மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் உள்பக்கம் மடக்கினார். விரல்களைப் பிடித்திருந்த தசைநார்கள் தளர்ந்தன. முதலில் கட்டைவிரல், பிறகு மற்றவை, மெதுவாக. மாட்டி முடிக்க 25 நிமிடம். ஐயாவுக்கு ஒதுக்கியதே அரை மணி நேரம். "மாட்டுறதே பயிற்சியாப் போச்சே தம்பி" என்றார் அக்கா.

மோட்டாரை ஓடவிட்டதும் அடுத்த அடி. இந்தத் தசை இறுக்கம் வேகத்தைப் பொறுத்தது. மெல்ல நீட்டினால் விடும். வெடுக்கென்று இழுத்தால் எதிர்த்துப் பிடிக்கும். நண்பனுக்கு வைத்த வேகத்தில் மின்னோட்டம் எகிறி மோட்டார் நின்றுவிட்டது. கழற்றினால் விரல் கணுவில் சிவப்புத் தடம். அந்தக் கையில் உணர்வு குறைவு, அதனால் அவர் வலிக்கிறது என்று சொல்லவே இல்லை.

ஒரு வருட உழைப்பும் கைக்காசு 18,000 ரூபாயும் போச்சு. அந்த அக்காவின் பக்கத்தில் ஒரு நாள் காலை உட்கார்ந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும் என்பதுதான் இன்னும் எரிச்சல். சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் உருவாக்கிய புளூட்டோ என்ற கைப் பயிற்சிக் கருவியைப் பாருங்கள். கையுறையே கிடையாது, ஒற்றை மோட்டார், மாற்றி மாற்றிச் செருகும் பிடிகள். கையுறைதான் வேண்டுமென்றால், ஒரே கையால் அதை மாட்ட எத்தனை நிமிடம் என்று முதலில் அளந்து எழுதுங்கள்.

220 கழித்தல் வயது

ஒருவரின் அதிகபட்ச இதயத் துடிப்பை உத்தேசமாகக் கணிக்கும் சூத்திரம் இது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கான உடற்பயிற்சிக் கருவியில் இதை அப்படியே போடாதீர்கள். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டிருந்தால், இதயத்தை விரட்டும் நரம்பு வழி தடைபட்டிருக்கும். எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு 130ஐத் தாண்டாமல் போகலாம். திரை மட்டும் 'இன்னும் வேகமாக' என்று கத்திக்கொண்டிருக்கும். காயத்துக்குக் கீழே வியர்வையும் சரியாக வராது, சித்திரை மாதத்தில் இது விளையாட்டில்லை. 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலில் சிரமத்தை அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

நெறிமுறைக் குழு ஒப்புதல்

முதல் நோயாளிக்கு முன்பு. பிறகு அல்ல.

எக்ஸோஸ்கெலிட்டன்

உடம்புக்கு வெளியே மாட்டி கைகால்களை அசைக்கும் மோட்டார் சட்டகம். முதல் ப்ராஜெக்டிலேயே வேண்டாம்.

கோணத்தை மட்டும் அளப்பது

என் அறிக்கையில் இருந்ததெல்லாம் விரல் எத்தனை டிகிரி மடங்கியது என்பதுதான். கிளம்பும்போது ஐயா கேட்டார்: "இதைப் போட்டுக்கிட்டு டம்ளர் பிடிக்கலாமா?" முடியாது. உள்ளங்கை முழுக்க ஒயர்.