விண்டோஸும் லினக்ஸும் உள்ள கணினியை மறையாக்கம் செய்தல்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் பேருந்தில் மடிக்கணினியைக் கொண்டுசெல்பவர்கள் நுழைவுக் கடவுச்சொல்லை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் கோப்புகளைப் படித்துவிடலாம். சாவியின்றிப் படிக்க முடியாதபடி வட்டிலுள்ள தரவைப் பூட்டும் மறையாக்கமே இதைத் தடுக்கும்.

முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளிவட்டில் நகலெடுங்கள். இரண்டு இயங்குதளங்களுக்கும் ஒரே பூட்டு நடைமுறையில் ஒத்துவராது என்பதால், வட்டின் விண்டோஸ் பகுதிக்கு விண்டோஸின் மறையாக்கக் கருவியான பிட்லாக்கரும் (BitLocker) லினக்ஸ் பகுதிக்கு லினக்ஸின் மறையாக்க முறையான லக்ஸும் (LUKS) எனத் தனித்தனியே பூட்ட வேண்டும். விண்டோஸை முன்னதாக நிறுவி, அதற்குள்ளிருந்தே அதன் பகுதியைச் சுருக்கி, விண்டோஸின் வேகத் தொடக்க வசதியை (Fast Startup) அணைத்துவிட்டு, காலியான இடத்தில் லினக்ஸை நிறுவும்போதே லக்ஸ் மறையாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கக் கோப்புகள் இருக்கும் சிறு பகுதி பூட்டப்படாமலே இருக்கும்.

பிட்லாக்கரைக் கடைசியில் இயக்குவதே என் பரிந்துரை. லினக்ஸை நிறுவுவது போன்றவற்றால் கணினி தொடங்கும் முறை மாறினால், பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் (TPM) சில்லு அதைத் தர மறுக்க, நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படும். அந்தச் சாவியை நான் அதே மடிக்கணினியில் சேமித்து வைத்திருந்தேன். கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் (BIOS) புதுப்பித்த அன்று, வீட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டியவன் கதைதான். தாளில் எழுதி அலமாரியில் வையுங்கள். பூட்டைத் திறக்கத் தேவையான விவரங்கள் உள்ள லக்ஸின் தலைப்பகுதி (header) சிதைந்தால் சரியான கடவுச்சொல்லும் பயன்படாது. ஆகவே அதன் நகலையும் வெளிவட்டில் எடுத்து வையுங்கள்.