கால்ல ரத்தக்கட்டி வந்தப்புறம் கம்ப்ரஷன் சாக்ஸ்: அளவெடுக்கிறதுல இருந்து துவைக்கிற வரைக்கும்

அப்பாவுக்கு கால் ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியாகி, ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆனப்போ கையில ஒரு ஜோடி சாக்ஸை குடுத்து போடுங்கன்னு சொன்னாங்க, எப்படி போடணும்னு யாரும் சொல்லல. ஒரு வாரம் தப்பா போட்டு முழங்காலுக்கு கீழ சிவப்பா ஒரு தடமே விழுந்துடுச்சு. புதுசா ஆரம்பிக்கிற யாருக்கும் அந்த வலி வேண்டாம்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல இது எதுக்குன்னு பாத்துடலாம். கட்டி கரைஞ்சாலும் அது இருந்த இடத்துல ரத்தக்குழாய்க்குள்ள இருக்கிற வால்வு கெட்டுப்போயிடலாம், அப்போ ரத்தம் சரியா மேல ஏறாம கீழயே தேங்கி கால் கனக்கும், வீங்கும், அரிக்கும், தோல் கறுக்கும், ரொம்ப முத்தினா கணுக்கால் பக்கம் ஆறாத புண்ணே வரும். இதுக்கு போஸ்ட் த்ராம்பாட்டிக் சிண்ட்ரோம்னு பேரு. சாக்ஸ் கணுக்கால்ல அதிகமாவும் மேல போகப்போக கம்மியாவும் அழுத்தி ரத்தத்தை மேல தள்ள உதவுது.

சாக்ஸ் போட்டா இது வரவே வராதுன்னு மட்டும் நம்பிடாதீங்க. பழைய ஆய்வுகள்ல பாதியா குறையுதுன்னு வந்துச்சு, ஆனா 2014ல வெளியான, 800 பேருக்கு மேல கலந்துக்கிட்ட ஆய்வுல நிஜ சாக்ஸ் போட்டவங்களுக்கும் அழுத்தமே இல்லாத டம்மி சாக்ஸ் போட்டவங்களுக்கும் 2 வருஷம் கழிச்சு பெரிய வித்தியாசம் இல்ல. அதனால இப்போ எல்லாருக்கும் கட்டாயம்னு சொல்றதில்ல, வீக்கமும் வலியும் இருக்கிறவங்களுக்கு ஆறுதலுக்காக குடுக்கிறாங்க. அப்பாவுக்கு சாயங்கால கனம் நல்லாவே குறைஞ்சுது. ஆனா ரத்தம் உறையாம இருக்க குடுக்கிற மாத்திரைக்கு இது பதில் கிடையாது, சாக்ஸ் போடுறோமேன்னு மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.

ஸ்டெப் 1: டாக்டர்கிட்ட கேளுங்க. காலுக்கு ரத்தம் கொண்டுபோற தமனியில அடைப்பு இருந்தா இந்த அழுத்தம் ஆபத்து. சுகர்னால கால் மரத்துப்போனவங்க, தோல்ல புண்ணோ இன்ஃபெக்‌ஷனோ இருக்கிறவங்க, ஹார்ட் ஃபெயிலியர் இருக்கிறவங்க கண்டிப்பா கேக்கணும். எவ்வளவு அழுத்தம்னும் அவரே சொல்லட்டும், 20-30, 30-40 மில்லிமீட்டர் மெர்க்குரின்னு பாக்கெட்ல போட்டிருக்கும்.

ஸ்டெப் 2: அளவு. காலையில எழுந்த உடனே, கால் வீங்குறதுக்கு முன்னாடி எடுங்க. கணுக்கால் எலும்புக்கு மேல ரொம்ப ஒல்லியா இருக்கிற இடம், ஆடுசதையில ரொம்ப தடிமனான இடம், குதிகால்ல இருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் நீளம், இந்த மூணும் போதும். செருப்பு சைஸை வச்சு வாங்காதீங்க, நாங்க அங்கதான் தப்பு பண்ணோம்.

ஸ்டெப் 3: போடுறது. இதுதான் கஷ்டம், பொறுமையா பண்ணுங்க. கால்ல ஈரமோ க்ரீமோ இருக்கக்கூடாது, க்ரீமை ராத்திரி கழட்டினப்புறம் தடவிக்கலாம். கையை உள்ள விட்டு குதிகால் பகுதியை பிடிச்சு அதுவரைக்கும் உள்பக்கத்தை வெளிய திருப்புங்க, பாதத்தை நுழைச்சு குதிகால் சாக்ஸோட குதிகால்ல சரியா உக்காந்துச்சான்னு பாத்துட்டு, மிச்சத்தை கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துங்க. மேல்விளிம்பை பிடிச்சு இழுக்காதீங்க. ரப்பர் கிளவுஸ் போட்டுக்கிட்டா பிடி வழுக்காது, நகமும் கிழிக்காது. முழங்கால் மடிப்புக்கு 2 விரல் கீழ நின்னா போதும். சுருக்கம் இருக்கக்கூடாது, நீளமா இருக்குன்னு மேல்பகுதியை மடிச்சும் விடாதீங்க, மடிச்ச இடத்துல அழுத்தம் ரெண்டு மடங்காகி கயிறு கட்டின மாதிரி இறுக்கும், அப்பாவுக்கு தடம் விழுந்தது அதனாலதான்.

காலையில போட்டு படுக்கப்போகும்போது கழட்டுறதுதான் வழக்கம். தினமும் கழட்டினதும் தோலை பாருங்க, குதிகாலையும் விரல் இடுக்கையும் விட்டுடாதீங்க. போட்டிருக்கும்போது விரல் நீலமாச்சு, மரத்துச்சு, வலி ஏறுதுன்னா உடனே கழட்டிட்டு டாக்டர்கிட்ட பேசுங்க.

துவைக்க லேசான சோப்பு போதும், முறுக்கி பிழியாம நிழல்ல காய வைங்க. 2 ஜோடி இருந்தா மாத்தி மாத்தி போடலாம். 3ல இருந்து 6 மாசத்துல எலாஸ்டிக் தளர்ந்துடும், சுலபமா ஏற ஆரம்பிச்சா மாத்த வேண்டிய நேரம்னு அர்த்தம், அப்போ அளவையும் மறுபடி எடுங்க.

திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, இருமினா ரத்தம் வருதுன்னா கட்டி நுரையீரலுக்கு போயிருக்கலாம், ஒரு நிமிஷம்கூட யோசிக்காம எமர்ஜென்சிக்கு ஓடுங்க.