அடி விழுந்ததும் குடுவையைத் தேடாதீர்கள்: பாஸ் சண்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூனில் மழை பிடித்துவிட்டால் குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். என் கடையில் கூட்டம் கூடும். ரீசார்ஜ் கடைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை, இரண்டு பிளேஸ்டேஷன், மணிக்கு 40 ரூபாய். போன வாரம் பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் எல்டன் ரிங் என்ற வீடியோ விளையாட்டில் மார்கிட் என்ற பாஸிடம் (வழிமறித்து நிற்கும் பெரிய எதிரியிடம்) ஒரே மாலையில் 31 முறை செத்தான். எண்ணியது அவனல்ல, நான். அதில் இருபதுக்கும் மேல் ஒரே மாதிரியான சாவு. 2022இல் அந்த விளையாட்டு வந்த புதிதில் நானும் அப்படியே செத்துக்கொண்டிருந்தவன் என்பதால் பார்க்கப் பார்க்க எரிச்சல் ஏறியது.

உருண்டு தப்பிக்க வேண்டும், பாஸுக்கு உயிர் கொஞ்சமே இருக்கிறது என்று ஆசைப்பட்டு நெருங்கக் கூடாது என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடி வாங்கிய நொடியில் மருந்து குடிப்பது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இதுதான். அடி விழுகிறது, சிவப்புக் கோடு பாதியாகிறது, கட்டைவிரல் தானாகவே சதுரப் பொத்தானுக்குப் போகிறது. காயத்துக்கு மருந்து, அதில் என்ன தவறு என்று தோன்றும். ஆனால் மருந்துக் குடுவையை எடுத்து அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை உங்கள் ஆள் ஆமைபோலத்தான் நகர்வான். இடையில் நிறுத்தவும் முடியாது, உருளவும் முடியாது. பாஸோ தன் அடிவரிசையை இன்னும் முடித்திருக்க மாட்டான். இரண்டாவது அடி விழுந்ததால் குடிக்கப் போனீர்கள். மூன்றாவது அடி ஏற்கெனவே காற்றில் வந்துகொண்டிருக்கிறது.

எட்டிப் போய்க் குடித்தால் தப்பலாம் என்று பார்த்தால், மார்கிட் அதற்கும் வழி வைத்திருக்கிறான். தொலைவில் நின்று குடுவையைத் தூக்கினால் ஒளிக்கத்தி ஒன்றை வீசுவான். நீங்கள் குடிக்கத் தொடங்குவதை விளையாட்டே கவனித்து அவனை ஏவுகிறது. இது அநியாயம் என்று நான் ஒரு மாதம் திட்டினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பயந்தவனைக் கண்டுபிடித்து அடிக்கிறான், அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது, பதற்றத்தில் பொத்தானை நான்கு முறை அமுக்குவது. ஒரு செயல் நடந்துகொண்டிருக்கும்போது அமுக்கியதை விளையாட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். முதல் மடக்கு முடிந்ததும், நீங்கள் கேட்காமலே இரண்டாவது மடக்கு தொடங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்கிட்டின் உயிர் நூல் அளவுக்கு இருந்தது, என்னிடம் இரண்டு குடுவை மிச்சம். ஓர் அடி வாங்கினேன், குடித்தேன், அடுத்ததும் தானாகவே குடித்தது, அந்த இரண்டாவது மடக்கின் நடுவில் சுத்தியல் இறங்கியது. உயிர்க்கோடு முழுதாக நிரம்பாமலே செத்தேன். டீ ஆறிப் போயிருந்தது. அதை எடுத்துக் குடிக்கக்கூடத் தோன்றாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையில் இருக்கும் நான்கு கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் முதலில் தளர்ந்து போனது சதுரப் பொத்தான்தான். பழுது பார்ப்பவர், "இந்த ஒன்றை மட்டும் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

சரி, எப்போது குடிப்பது? பாஸ் தன் அடிவரிசையை முடித்துவிட்டுத் தடுமாறும் அந்த இடைவெளியில்தான். அதாவது, நீங்கள் அவனை வெட்டியிருக்கக்கூடிய இடத்தில். மருந்துக்கு விலை அந்த ஒரு வெட்டு. இது மண்டையில் ஏறியபோதுதான் எனக்கு அந்தச் சண்டையே வேறு மாதிரி தெரிந்தது. அடி வாங்கியதும் முதல் வேலை குடிப்பதல்ல, அடுத்த அடியிலிருந்து விலகுவது. கால்பங்கு உயிரோடு மூன்று அடிகளைத் தவிர்த்து, நான்காவது முடிந்தபின் நிதானமாகக் குடிக்கப் பழகினால் நடுக்கம் போய்விடும். அந்தப் பையனிடம் ஒரு பந்தயம் வைத்தேன்: ஒரு குடுவையும் குடிக்காமல் பத்து முறை செத்துக் காட்டு, கடைசி அரை மணிக்குக் காசு வேண்டாம். ஆறாவது முறையில் அவன் மார்கிட்டைப் பாதி உயிருக்குக் கொண்டுவந்திருந்தான். அதுவரை குடுவையோடு அவ்வளவு தூரம் போனதில்லை.

கனமான கவசம்

எல்டன் ரிங்கில் தாங்கும் எடையின் 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளல் மூட்டை விழுவதுபோல் ஆகிவிடும். அழகான கவசத்தைக் கழற்றி வையுங்கள்.

கையில் ரூன்களோடு (எதிரிகளைக் கொன்று சேர்த்த காசு, செத்தால் கையைவிட்டுப் போகும்) பாஸ் அறைக்குள் போவது

போகாதீர்கள்.

கையைப் பழித்துக்கொண்டு டிவியை விட்டுவிடுவது

2019இல் வந்த செகிரோ என்ற இன்னொரு விளையாட்டில் வாளால் வாளைத் தட்டிவிடுவதுதான் உயிர். தட்டும் கணம் தப்பினால் எதுவும் கைகூடாது. பழைய டிவி ஒன்றை மலிவாக வாங்கிப் போட்டு, அதில் வரும் கெனிச்சிரோ என்ற பாஸிடம் இரண்டு வாரம் உதைபட்டேன். விரல் மந்தமாகிவிட்டது, வயதாகிவிட்டது என்றெல்லாம் முடிவு கட்டினேன். பிறகு பார்த்தால், படத்தை மெருகேற்றுகிறேன் என்று அந்த டிவி ஒவ்வொரு காட்சியையும் தாமதமாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்த வாள் ஏற்கெனவே விழுந்து முடிந்த வாள். அமைப்புகளில் கேம் மோட் என்ற ஒன்றை இயக்கியதும் சரியானது. சரியானது என்று சொன்னாலும், தாமதத்துக்குப் பழகிய கையைத் திருத்த இன்னொரு வாரம் போனது. முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

யாராவது கூப்பிட்டால் போகலாம் என்று நினைப்பது

செகிரோவில் நிறுத்தி வைக்கலாம். எல்டன் ரிங்கில் பட்டியலைத் திறந்தாலும் பாஸ் அடித்துக்கொண்டேதான் இருப்பான். அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டு உட்காருங்கள்.

கோபத்தோடு "இன்னும் ஒரே ஒரு முறை"

எழுந்து போய்ப் பழம்பொரி தின்னுங்கள்.

வென்றதும் கத்துவது

கத்தலாம். 31 சாவுக்குப் பிறகு கத்தாமல் இருப்பவனை நான் பார்த்ததில்லை, மறுநாள் அந்தப் பையன் மேசையில் அடித்த அடியில் என் மவுஸ் கீழே விழுந்தது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம். மாடியில் கட்டட உரிமையாளர் குடியிருக்கிறார்.